பெறுநர் யார்?

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் நசரத்பேட்டை, திருமழிசை, குத்தம்பாக்கம், தண்டலம் என்று ஊர்கள் வரும். வழிநெடுகப் பொறியியல் கல்லூரிகளும் வரும். ஊராட்சித் தலைவராக இருந்த ரங்கசாமி இளங்கோவின் பணிகளால் ஒரு காலத்தில் பேசப்பட்ட குத்தம்பாக்கம், இப்போது நெடுஞ்சாலையோரம் எழுந்துள்ள பேருந்து முனையத்தால் பேசப்படுகிறது. இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு மாணவர்கள் சிலர், அந்த முனையத்திலிருந்து எந்தப் பேருந்து எப்போது கிளம்பும் என்று சொல்லும் செயலியைத் தங்கள் புராஜெக்ட்டாக எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் திரையில் ஒரு பொத்தான்: ‘கூகுள் கணக்கின் மூலம் உள்நுழைக.’ பயணி அதைத் தொடுகிறார். அவருடைய மின்னஞ்சல் முகவரிகள் வரிசையாக வருகின்றன. ஒன்றைத் தொட்டதும் செயலி அவர் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்கிறது.

நாள்தோறும் செய்கிற காரியம் என்பதால் இதிலுள்ள புதிர் கண்ணில் படுவதில்லை. செயலி கடவுச்சொல் கேட்கவில்லை. மாணவர்களுக்குப் பயணியைத் தெரியாது. அவர் சொன்ன பெயர் உண்மைதானா என்று பார்க்க அவர்களிடம் வழியும் இல்லை. இருந்தும் செயலி நம்புகிறது. எதை வைத்து?

இதற்குப் பின்னால் இன்னொரு புதிர் இருக்கிறது. அந்தப் பொத்தான் தானாக வேலை செய்வதில்லை. மாணவர்கள் முன்கூட்டியே கூகுளின் மேகக்கணினித் தளத்துக்குப் போய் ஒரு படிவம் நிரப்பித் தங்கள் செயலியைப் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொத்தானைத் தொட்டால் பிழைச்செய்திதான் வரும். உள்ளே நுழைகிறவர் பயணி. அப்படியிருக்க, செயலியை எதற்குப் பதிய வேண்டும்?

முதல் கேள்விக்கு விடை காண 2007-க்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு புதிய சமூகத் தளத்தில் சேர்ந்தால், ‘உங்கள் நண்பர்களைக் கண்டுபிடித்துத் தருகிறோம், ஜிமெயில் முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள்’ என்று கேட்கும். பலரும் கொடுத்தார்கள். முகவரிப் புத்தகத்தை மட்டும் பார்க்கத் தந்த சாவி, எல்லாக் கடிதங்களையும் படிக்கவும் அழிக்கவும் போதுமானதாக இருந்தது. அந்தத் தளம் கடவுச்சொல்லை எங்கே எழுதி வைக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது. இந்தப் பழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று ட்விட்டரில் பணியாற்றிய பிளெய்ன் குக்கும் வேறு சில நிரலாளர்களும் சேர்ந்து ஒரு பொது நெறிமுறையை எழுதினார்கள். அதற்கு ஓஆத் என்று பெயர். 2007 அக்டோபரில் முதல் வடிவம் வந்தது. 2012-இல் அதன் இரண்டாம் பதிப்பு இணையத் தர ஆவணமானது. அதன் மேல் கட்டப்பட்டு, ‘இவர் யார்’ என்ற கேள்விக்கு மட்டும் விடை சொல்லும் ஓப்பன் ஐடி கனெக்ட் 2014 பிப்ரவரியில் வெளியானது. இன்று கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள், நம் ஊர் ஜோஹோ என எல்லோருடைய உள்நுழைவுக்கும் அடியில் இருப்பது இந்தக் குடும்பம்தான். மத்திய அரசின் டிஜிலாக்கர் மற்ற நிறுவனங்களோடு பேசுவதும் ஓஆத் வழியில்தான்.

இந்த ஏற்பாட்டின் சாரம் பள்ளிக்கூடத்தில் வாங்கும் போனஃபைட் சான்றிதழில் இருக்கிறது. மாணவி ஒருத்தி வங்கியில் கணக்குத் தொடங்கப் போகிறாள். அவள் யார் என்பது மேலாளருக்குத் தெரியாது. அவள் எந்த வகுப்பில் எந்த பெஞ்சில் உட்காருகிறாள் என்று விசாரிக்க அவர் பள்ளிக்கு வரப்போவதும் இல்லை. தலைமை ஆசிரியர் கையொப்பமிட்டு வட்ட முத்திரை குத்திய ஒரு தாள் போதும். பள்ளி அவளை அறியும், வங்கி பள்ளியின் முத்திரையை அறியும். இங்கே பள்ளியின் இடத்தில் இருப்பது கூகுள் போன்ற அடையாளச் சேவை, வங்கியின் இடத்தில் இருப்பது செயலி, மாணவியின் இடத்தில் இருப்பது நாம். கடவுச்சொல்லைச் சொல்வது பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் நடக்கிறது. வங்கிக்கு வருவது சான்றிதழ் மட்டுமே. கணினிக்காரர்கள் இந்தச் சான்றிதழை ஐடி டோக்கன் என்கிறார்கள். ஒரு நீண்ட எழுத்துச் சரம் அது. இன்னார், இந்த மின்னஞ்சல், இந்த நேரத்தில் கொடுக்கப்பட்டது, இந்த நேரத்தில் காலாவதியாகும் என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். கூகுள் தரும் ஐடி டோக்கனின் ஆயுள் 1 மணி நேரம்.

ரப்பர் முத்திரையைப் போலியாகச் செய்துவிடலாம். டோக்கனில் உள்ள மின் கையொப்பத்தை ஏன் அப்படிச் செய்ய முடியாது? கூகுளிடம் ஒன்றோடொன்று இணைந்த இரண்டு சாவிகள் இருக்கின்றன. ஒன்று கையொப்பமிடுவதற்கு, மற்றது சரிபார்ப்பதற்கு. சரிபார்க்கும் சாவியைக் கூகுள் எல்லோரும் பார்க்கும்படி ஒரு இணைய முகவரியில் வெளியிட்டிருக்கிறது. கையொப்பமிடும் சாவி அவர்கள் கணினியைவிட்டு வெளியே வராது. வெளியிட்ட சாவியின் மையத்தில் இருப்பது 617 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அது இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்தது. அந்த இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் கையொப்பத்தைப் போலி செய்துவிடலாம். பெருக்குவது எளிது, பெருக்கி வந்ததைப் பிரிப்பது மிகக் கடினம்.

அது எவ்வளவு கடினம் என்று நமக்கு எப்படித் தெரியும்? முயன்று பார்த்துத்தான். இதற்கென்றே சவால் எண்கள் வெளியிடப்பட்டு, உலகெங்கும் கணிதவியலாளர்கள் அவற்றை உடைக்கப் பார்த்து வருகிறார்கள். 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்று உடைந்தது. அதற்குச் செலவான கணக்குவேலை, கணினிச் செயலகத்தின் ஒரே ஒரு கருவை 2,700 ஆண்டுகள் ஓட்டுவதற்குச் சமம். இலக்கங்கள் கூடக் கூட வேலை பல மடங்காகப் பெருகும். ‘முடியாது’ என்பதற்குக் கணித நிரூபணம் இன்னும் இல்லை. பல பத்தாண்டுகளாக மிகத் திறமையானவர்கள் வெளிப்படையாக முயன்றும் முடியவில்லை என்ற அனுபவம்தான் நம் நம்பிக்கைக்கு ஆதாரம்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் உயிர்நாடியே இங்குதான் இருக்கிறது.

போனஃபைட் சான்றிதழின் கடைசி வரியை நினைத்துப் பாருங்கள். ‘வங்கிக் கணக்கு தொடங்கும் பொருட்டு வழங்கப்படுகிறது’ என்று இருக்கும். மேலே ‘பெறுநர்: கிளை மேலாளர்’ என்று இருக்கும். பெறுநர் இல்லாத வெற்றுச் சான்றிதழ் ஆபத்தானது. பேருந்து அட்டைக்காகக் கொடுத்த தாளை ஒருவன் எடுத்துக்கொண்டு போய், அவள் பெயரில் வங்கியில் கணக்குத் தொடங்கிவிடலாம். டோக்கனிலும் இதே சிக்கல் உண்டு. யாரோ ஒருவர் விளையாட்டுச் செயலி ஒன்றை எழுதுகிறார். நீங்கள் அதில் கூகுள் மூலம் உள்நுழைகிறீர்கள். உங்கள் பெயரில் கூகுள் கையொப்பமிட்ட டோக்கன் அவர் கைக்குப் போகிறது. முத்திரை அசல், பெயர் அசல், தேதியும் சரி. அதை அவர் அப்படியே உங்கள் மருத்துவமனைச் செயலியிடம் நீட்டினால்? பெறுநர் யார் என்று எழுதப்படாவிட்டால் அந்தச் செயலி உங்களுக்குத் திறக்கும் கதவை அவருக்கும் திறந்துவிடும்.

எனவே டோக்கனில் பெறுநர் என்றொரு கட்டம் கட்டாயம். பெறுநரை எழுத வேண்டுமானால் பெறுநருக்கு ஒரு நிலையான பெயர் வேண்டும். பள்ளி அலுவலகத்தில் ஒரு பேரேடு இருக்கிறது, அதில் பெயரும் முகவரியும் எழுதிய அலுவலகங்களுக்கு மட்டுமே சான்றிதழ் வழங்கப்படும், அதுவும் அந்த முகவரிக்கே அனுப்பப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலிப் பதிவு என்பது அந்தப் பேரேட்டில் ஒரு வரி. பதிந்து முடித்ததும் செயலிக்கு ஓர் எண் கிடைக்கும். அதைக் கிளையண்ட் ஐடி என்பார்கள். அன்று முதல் அந்தச் செயலிக்காகக் கூகுள் தரும் ஒவ்வொரு டோக்கனிலும் பெறுநர் கட்டத்தில் அந்த எண் இருக்கும். தனக்கு வந்த டோக்கனில் தன் எண் இல்லை என்றால் செயலியின் சர்வர் அதைத் தூக்கிப் போட வேண்டும், முத்திரை எவ்வளவு அசலாக இருந்தாலும்.

படிவத்தைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சென்னையை அடுத்த கூடுவாஞ்சேரிப் பக்கம் தலைமையகம் வைத்திருக்கும் ஜோஹோவின் பதிவுத் தளத்தில் முதல் கேள்வியே, உங்கள் செயலி எந்த வகை என்பதுதான்: உலாவியில் ஓடுவதா, சர்வரில் ஓடுவதா, கைப்பேசியில் ஓடுவதா. மைக்ரோசாஃப்டின் என்ட்ரா சேவையும் இதையே வேறு சொற்களில் கேட்கும். அடுத்து வருவது திரும்பும் முகவரி. உள்நுழைவு முடிந்ததும் விடையை எங்கே அனுப்புவது என்பதற்கான முகவரி அது. பதிந்த முகவரியும் செயலி கேட்கும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலோ குறைந்தாலோ கோரிக்கை நிராகரிக்கப்படும். புதிதாக நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கண்டிப்பு எரிச்சலூட்டும். ‘ஏறக்குறைய இதே முகவரி’ என்று ஒப்புக்கொண்ட சேவைகளில்தான் டோக்கன்கள் வேறு கைக்குப் போயின. கண்டிப்பு அங்கிருந்து வந்தது.

எந்த வகைச் செயலி என்று முதலில் கேட்பதற்கும் ஆழமான காரணம் உண்டு. சர்வரில் ஓடும் நிரலிடம் ஒரு ரகசியத்தை ஒப்படைக்கலாம். பூட்டிய அறையில், நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் கணினி அது. அதற்குக் கிளையண்ட் ஐடியோடு ஒரு ரகசியச் சொல்லும் கொடுப்பார்கள். டோக்கன் கேட்கும்போது அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கைப்பேசிச் செயலியின் நிலை வேறு. ஆயிரம் பேர் இறக்கினால் ஆயிரம் பிரதிகள். பேருந்து நேரச் செயலிக்குள் மாணவர்கள் ஒரு ரகசியச் சொல்லை எழுதி வைத்தால், அந்தச் சொல் இறக்கிய ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும். ஆண்ட்ராய்டு செயலியின் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. அதைப் பிரித்து உள்ளே இருப்பதைப் படிக்க இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. ஆர்வமுள்ள கல்லூரி மாணவர் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடுவார். ஆகவே நெறிமுறையை எழுதியவர்கள் கைப்பேசிச் செயலிகளால் ரகசியம் காக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள். அவற்றுக்கு ‘பொதுச் செயலி’ என்று தனி வகுப்பே வைத்தார்கள். இந்த ஒப்புதலை நான் பெரிதாக மதிக்கிறேன். பலவீனத்தை மறைக்காமல், அதை வைத்துக்கொண்டே என்ன செய்யலாம் என்று யோசித்ததால்தான் அடுத்தடுத்த நல்ல தீர்வுகள் வந்தன.

முதல் தீர்வு: செயலி தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பாதே, கைப்பேசியின் இயங்குதளத்தைக் கேள். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் பிளே ஸ்டோரில் வேறு எதற்கும் இல்லாத ஒரு தொகுப்புப் பெயர் உண்டு. அதை எழுதியவரின் மின் கையொப்பமும் செயலியின் மேல் இருக்கும். அந்தக் கையொப்பச் சான்றிலிருந்து கணக்கிட்டெடுத்த சுருக்கத்தை விரல்ரேகை என்கிறார்கள்: இரண்டிரண்டு குறிகளாக, நடுவில் முக்காற்புள்ளி இட்டு, 20 ஜோடிகள். பதிவுப் படிவத்தில் தொகுப்புப் பெயரையும் இந்த விரல்ரேகையையும் எழுத வேண்டும். உள்நுழைவுப் பொத்தானைத் தொடும்போது, ‘கேட்பது எந்தச் செயலி, அதன் மேல் யாருடைய கையொப்பம்’ என்பதை ஆண்ட்ராய்டே கூகுளுக்குச் சொல்கிறது. பேரேட்டில் உள்ளதோடு அது பொருந்தினால் மட்டுமே டோக்கன். வேறொருவர் அதே பெயரில் போலிச் செயலி செய்தாலும் மாணவர்களின் கையொப்பச் சாவி அவரிடம் இல்லாததால் விரல்ரேகை மாறிவிடும்.

பல மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு வேடிக்கையான சிக்கல் இந்த இடத்தில்தான் முளைக்கிறது. அவர்கள் கைப்பேசியில் ஓட்டிப் பார்க்கும்போது உள்நுழைவு பிரமாதமாக வேலை செய்கிறது. பிளே ஸ்டோரில் ஏற்றி அங்கிருந்து இறக்கினால், அதே செயலி, அதே நிரல், உள்நுழைய மறுக்கிறது. கூகுளின் பழைய உள்நுழைவு நிரலகத்தில் ‘டெவலப்பர் எரர், 10’ என்று ஒரு வரி மட்டும் வரும். காரணம் இதுதான். 2021 ஆகஸ்டிலிருந்து புதிய செயலிகளைப் பிளே ஸ்டோரில் ஏற்றினால், கூகுள் தன்னிடம் பாதுகாக்கும் சாவியால் அவற்றுக்குக் கையொப்பமிட்டுத்தான் மக்களுக்குத் தருகிறது. நிரல் ஒன்றுதான், கையொப்பம் வேறு, ஆகவே விரல்ரேகையும் வேறு. பேரேட்டில் இருப்பது மடிக்கணினியில் சோதனைக்காக உருவான சாவியின் விரல்ரேகை. பிளே கன்சோலில் காட்டப்படும் இரண்டாவது விரல்ரேகையையும் பதிந்துவிட்டால் சிக்கல் தீரும். இதைக் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பேரேடு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது: அறிமுகமில்லாத கையொப்பத்தோடு வந்த செயலியைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

இரண்டாவது தீர்வு, உலாவி வழியாக நடக்கும் உள்நுழைவுக்கானது. மைக்ரோசாஃப்ட், ஜோஹோ, டிஜிலாக்கர் போன்ற சேவைகளில் செயலி உலாவியைத் திறக்கும். நாம் அங்கே கடவுச்சொல் கொடுப்போம். முடிந்ததும் உலாவி செயலிக்குத் திரும்பும். திரும்பும்போது டோக்கன் நேரடியாக வருவதில்லை, சில நிமிடங்களில் செத்துப்போகும் ஒரு தற்காலிகக் குறி மட்டுமே வரும். செயலி அந்தக் குறியைச் சேவையிடம் கொடுத்து டோக்கனாக மாற்றிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், கைப்பேசியில் ‘இந்த வகை முகவரி வந்தால் என்னிடம் கொடு’ என்று இரண்டு செயலிகள் ஒரே சமயத்தில் சொல்லிவைக்க முடியும். கெட்ட எண்ணமுள்ள ஒரு செயலி நடுவில் கைநீட்டிக் குறியை வாங்கிக்கொண்டால்? செயலியிடம்தான் ரகசியச் சொல் கிடையாதே.

2015 செப்டம்பரில் நாட் சகிமுரா, ஜான் பிராட்லி, நவீன் அகர்வால் ஆகிய மூவர் எழுதிய ஆவணம் இதற்கு விடை சொன்னது. அதன் சுருக்கப் பெயரைப் பிக்சி என்று உச்சரிக்கிறார்கள். யோசனை அழகானது. எல்லாப் பிரதிகளுக்கும் பொதுவான ஒரு நிரந்தர ரகசியத்தைச் செயலியால் காக்க முடியாதுதான். ஆனால் ஒரு நிமிடத்துக்கு ஒரு ரகசியத்தைக் காக்க முடியுமே! உலாவியைத் திறக்கும் முன் செயலி அந்த ஒரு முறைக்கென்று யாரும் ஊகிக்க முடியாத ஒரு சரத்தை உருவாக்குகிறது. 43 எழுத்துகளுக்குக் குறையக் கூடாது. அதை ஷா-256 என்ற கணக்கில் போட்டு வரும் சுருக்கத்தை மட்டும் உலாவி வழியே அனுப்புகிறது. மூலச் சரம் செயலியின் நினைவகத்திலேயே இருக்கிறது. பிறகு தற்காலிகக் குறியை டோக்கனாக மாற்றக் கேட்கும்போது மூலச் சரத்தை நேராகச் சேவையிடம் காட்டுகிறது. சேவை அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது; முன்பு வந்த சுருக்கத்தோடு ஒத்துப்போனால் டோக்கன் கிடைக்கும். நடுவில் குறியைத் திருடியவரிடம் மூலச் சரம் இல்லை. சுருக்கத்திலிருந்து மூலத்துக்குத் திரும்பக் குறுக்குவழி இல்லை. ஷா-256 தரக்கூடிய விடைகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். தேடித் தீராது.

உலாவி பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், இது பயனர்கள் நேரடியாகக் கவனிக்கக்கூடியது. முன்பெல்லாம் சில செயலிகள் கூகுளின் உள்நுழைவுப் பக்கத்தைத் தங்கள் திரைக்குள்ளேயே ஒரு சிறு சாளரமாகத் திறந்து காட்டின. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் அந்தச் சாளரம் முழுக்கச் செயலியின் கட்டுப்பாட்டில் இருப்பதால், அதில் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் செயலியால் படிக்க முடியும். தலைமை ஆசிரியரிடம் சொல்ல வேண்டியதை வங்கி எழுத்தர் காதில் விழும்படி சொல்வதாக அது ஆகிவிட்டது. 2017 ஏப்ரல் 20 முதல் கூகுள் இந்த வழியை மூடியது. உள்நுழைவு செயலியின் கட்டுப்பாட்டில் இல்லாத உலாவி வழியே நடக்க வேண்டும் என்பதை அதே ஆண்டு அக்டோபரில் வந்த தர ஆவணமும் நிலைநிறுத்தியது.

இவ்வளவும் காகிதத்தில் சரி. நடைமுறையில் பாதுகாப்பானதுதான் என்று எப்படி அறிவது? இரண்டு வகையில் சோதித்திருக்கிறார்கள். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஃபெட், ரால்ஃப் கூஸ்டர்ஸ், கீடோ ஷ்மிட்ஸ் மூவரும் ஓஆத் 2.0 முழுவதையும் ஒரு கணித மாதிரியாக எழுதி, அது பாதுகாப்பானது என்று நிரூபிக்க முயன்றார்கள். நிரூபணம் முட்டி நின்ற இடங்களில் எல்லாம் ஓட்டைகள் இருந்தன. 2016-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் நான்கு தாக்குதல்கள் இருந்தன; அவற்றை அடைத்த பின் நிரூபணமும் நிறைவேறியது. அந்தத் தாக்குதல்களில் ஒன்று, இரண்டு அடையாளச் சேவைகளை ஏற்கும் செயலியைக் குழப்பி, ஒரு சேவை தந்த குறியை மற்றதற்கு அனுப்பவைப்பது. நான்கு ஆண்டுகளாக உலகமே பயன்படுத்திய நெறிமுறையில், எத்தனையோ பேர் படித்த ஆவணத்தில், யார் கண்ணுக்கும் படாமல் இருந்தது அது. விடையோடு சேவையின் பெயரையும் அனுப்ப வேண்டும் என்ற திருத்தம் 2022-இல் தரமானது.

இரண்டாவது வகைச் சோதனை கடைத்தெருவில் நடந்தது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர், அமெரிக்காவிலும் சீனாவிலும் முன்னணியில் இருந்த 600 ஆண்ட்ராய்டு செயலிகளை எடுத்துப் பார்த்து, 2016 நவம்பரில் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் இப்படி வேறொரு சேவையின் கணக்கால் உள்நுழைய விட்ட செயலிகளில் ஏறத்தாழ 41 விழுக்காட்டில் வேறொருவராக உள்நுழைய முடிந்தது. நெறிமுறையில் பிழையில்லை. டோக்கன் அசலாகவே வந்தது. ஆனால் அந்தச் செயலிகளின் சர்வர்கள் முத்திரையையும் பெறுநரையும் சரிபார்க்காமல், கைப்பேசி அனுப்பிய ‘நான் இன்னார்’ என்ற வரியை மட்டும் எடுத்துக்கொண்டன. தாக்குபவர் தன் கைப்பேசியில் தன் கணக்கால் உள்நுழைந்து, வழியில் தன் பெயரை அழித்துவிட்டு உங்கள் பெயரை எழுதினால் போதும். நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

நம் நாட்டிலும் இதையொத்த நிகழ்வு உண்டு. 2020 மே மாதம் டிஜிலாக்கரின் உள்நுழைவில் இந்தியப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஒரு பிழையைக் கண்டார்கள். ஓடிபியைச் சரிபார்க்கும் படியும், ‘உள்ளே வருவது யார்’ என்று முடிவுசெய்யும் படியும் ஒன்றோடொன்று கட்டப்படவில்லை. ஒருவருடைய விவரத்தைக் கொண்டு ஓடிபி சோதனையைத் தாண்டி, பிறகு வேறொருவராக உள்ளே போக இடமிருந்தது. அப்போது டிஜிலாக்கரில் 3.8 கோடிக் கணக்குகள் இருந்தன. ஓட்டுநர் உரிமமும் மதிப்பெண் பட்டியலும் இருக்கும் இடம் அது. ஆய்வாளர்கள் முறைப்படி அரசின் கணினி அவசரக் குழுவுக்குத் தெரிவித்தார்கள். அம்மாதமே பிழை சரிசெய்யப்பட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, பாவுக் ஜெயின் என்ற இந்திய ஆய்வாளர் ஆப்பிளின் உள்நுழைவுச் சேவையிலேயே ஓட்டை கண்டிருந்தார். எந்த மின்னஞ்சல் முகவரியைச் சொன்னாலும் அந்தப் பெயரில் ஆப்பிளின் அசல் கையொப்பத்தோடு டோக்கன் கிடைத்தது. முத்திரை குத்தும் இடத்திலேயே பெயரைச் சரிபார்க்காமல் விட்டிருந்தார்கள். ஆப்பிள் அவருக்கு 1 லட்சம் டாலர் பரிசளித்தது. பெரிய நிறுவனம் என்பதால் தவறாது என்று இருந்துவிடாமல் ஒவ்வொரு கட்டத்தையும் தொட்டுத் தட்டிப் பார்த்த இவர்களால்தான் நம் கணக்குகள் தப்பின.

பதிவு எதைச் சொல்வதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பேரேட்டில் பெயர் இருப்பதால் அந்தச் செயலி நல்ல செயலி என்று பொருளில்லை. 2017 மே 3 அன்று பலருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது: தெரிந்தவர் ஒருவர் ஆவணம் பகிர்ந்திருக்கிறார் என்று. தொட்டால் கூகுளின் அசல் பக்கம் திறந்து, ‘கூகுள் டாக்ஸ் உங்கள் மின்னஞ்சலைப் படிக்கவும் அனுப்பவும் தொடர்புகளைக் கையாளவும் அனுமதி கேட்கிறது’ என்று காட்டியது. உண்மையில் அது யாரோ ‘கூகுள் டாக்ஸ்’ என்று பெயர் கொடுத்துப் பதிவு செய்திருந்த செயலி. யாரும் கடவுச்சொல்லைத் திருடவில்லை. எல்லாம் முறைப்படி நடந்தது. அனுமதி கொடுத்தவர்களின் தொடர்புகளுக்கெல்லாம் அதே கடிதம் பறந்தது. கூகுள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதை நிறுத்தியது; பாதிக்கப்பட்டோர் ஜிமெயில் பயனர்களில் 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அறிவித்தது. இப்போது மின்னஞ்சலைப் படிப்பது போன்ற கனமான அனுமதிகளைக் கேட்கும் செயலிகள் கூகுளின் தனிச் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும். தாண்டாதவை 100 பயனர்களுக்கு மேல் போக முடியாது, அவர்களுக்கும் எச்சரிக்கைத் திரை காட்டப்படும். பெயர், மின்னஞ்சல் முகவரி, படம் ஆகிய மூன்றை மட்டும் கேட்பதற்கு இந்தச் சரிபார்ப்பு தேவையில்லை. ஆகவே அனுமதித் திரையில் செயலியின் பெயரைவிட, அதன் கீழே அது என்னென்ன கேட்கிறது என்ற பட்டியலையே முதலில் படியுங்கள். பேருந்து நேரம் சொல்லும் செயலிக்கு உங்கள் தொடர்புகள் எதற்கு?

கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியும். உங்கள் கூகுள் கணக்கின் அமைப்புகளில் மூன்றாம் தரப்புச் செயலிகளுக்கான பக்கம் இருக்கிறது. இதுவரை எந்தெந்தச் செயலிக்கு என்னென்ன அனுமதி தந்தீர்கள் என்ற முழுப் பட்டியல் அதில் உண்டு. பலருக்கு அது எதிர்பார்த்ததைவிட நீளமாக இருக்கும். ஒன்றைத் தொட்டு நீக்கினால் அந்தச் செயலி புதிய டோக்கன் வாங்க முடியாது. ஆனால் அதற்குமுன் அது தன் சர்வரில் எழுதிவைத்துக்கொண்ட பெயரும் முகவரியும் அங்கேயேதான் இருக்கும். கூகுளால் அதை அழிக்க முடியாது. அதற்குச் செயலிக்குள் போய்க் கணக்கை நீக்கும் வசதியைத் தேட வேண்டும். கணக்குத் தொடங்க விடும் செயலிகள் அந்த வசதியைத் தந்தே ஆக வேண்டும் என்று ஆப்பிள் 2022 முதலும், கூகுள் பிளே 2024 முதலும் விதி வைத்திருக்கின்றன. 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையை நமக்கு எழுதித் தந்திருக்கிறது. முதலில் செயலிக்குள் கணக்கை நீக்குங்கள், பிறகு கூகுள் பக்கத்தில் அனுமதியை நீக்குங்கள். வரிசையை மாற்றினால், கணக்கை அழிக்க உள்ளே போவதற்கே மறுபடியும் அனுமதி கொடுக்க வேண்டி வரும்.